இடது கை தளரும் கணம்

பாளையங்கோட்டையில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போகும் பையனிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது, "லீட் வாசிப்பியா தம்பி?" என்பதுதான். விரல்களைக் கடைசி ஃப்ரெட்டு வரை ஓடவிட்டு, கம்பியை வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவரே கலைஞர் என்றும், அவருக்குப் பின்னால் கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்துக்கொண்டு நிற்பவர் இன்னும் தேறாதவர் என்றும் ஓர் எண்ணம் நம் ஊரில் மட்டுமன்றி எங்குமே ஊறிக் கிடக்கிறது. ஆலயப் பாடகர் குழுவாகட்டும், கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரும் ஆர்க்கெஸ்ட்ராவாகட்டும், ரிதம் கிதார் என்பது புதிதாகச் சேர்ந்தவன் தலையில் கட்டப்படும் வேலை. 1960களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்தெடுத்த ஃபங்க் இசையையும் டிஸ்கோ இசையையும் பொறுமையாகக் கேட்டவர்கள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த இசையில் லீட் வாசிப்பவர் அன்றைக்கு வராமற்போனாலும் பாட்டு நடந்துவிடும். பின்னால் நின்று வெட்டி வெட்டி வாசிப்பவர் கையை எடுத்தால், ஆடிக்கொண்டிருப்பவர்களின் கால்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

அந்தக் கை என்னதான் செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு அடிகள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் 'தகதிமி' என்று நான்காகப் பிரித்தால், ஒரு சுற்றுக்குப் பதினாறு எழுத்துகள் வரும். ஃபங்க் கிதார்க்காரரின் வலது கை இந்தப் பதினாறையும் விடாமல் வீசிக்கொண்டே இருக்கிறது: 'த'வுக்குக் கீழ்நோக்கி, 'க'வுக்கு மேல்நோக்கி, 'தி'க்குக் கீழ்நோக்கி, 'மி'க்கு மேல்நோக்கி. நிமிடத்துக்கு 120 அடிகள் என்பது டிஸ்கோவில் வெகு சாதாரணமான வேகம். அந்த வேகத்தில் நொடிக்கு எட்டு வீச்சுகள், நான்கு நிமிடப் பாட்டுக்கு 1,920 வீச்சுகள் ஆகின்றன. அசைவு முழங்கையிலிருந்து வந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே கை கல்லாகிவிடும் என்பதால், மணிக்கட்டு மட்டுமே தளர்வாக ஆட வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தப் பதினாறில் சுருதியோடு காதில் விழுபவை சில சமயம் மூன்றோ நான்கோதான். எது ஒலிக்க வேண்டும், எது ஒலிக்கக் கூடாது என்று தீர்மானிப்பது இடது கை. விரல்கள் கம்பிகளின் மேல் அழுத்தாமல் படிந்து மட்டும் இருந்தால், கம்பியை மீட்டும் சிறு தகடான பிக் படும்போது 'சிக்' என்று சுருதியற்ற ஓர் உரசல் கேட்கும். அதே விரல்களைச் சற்று அழுத்தினால் கார்டு ஒலிக்கும். அழுத்திய மறுகணமே தளர்த்தினால், ஒலித்த கார்டு அந்த இடத்திலேயே அறுபடும். தளர்த்தும்போது விரல் கம்பியை விட்டு எழுந்துவிட்டால் திறந்த கம்பி அதிர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எழாமல், அழுத்தாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதத்தின் கனத்துக்கு விரல்கள் ஏறி இறங்க வேண்டும். லீட் வாசிப்பதில் கெட்டிக்காரர்களான பலர் தடுமாறி விழுவது இங்கேதான். கார்டை அழுத்தப் பழகுவதற்குச் சில வாரங்கள் போதும். எத்தனை சீக்கிரம் தளர்த்துவது, ஒலிக்கும் கார்டை 'க'வின் பாதியில் வெட்டுவதா, 'தி' வரை இழுத்து வெட்டுவதா என்பதில்தான் ஒருவர் வாசிப்புக்கும் மற்றொருவர் வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

எனக்குக் கிதார் சொல்லித்தந்த அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் வாசித்துவிட்டு, மற்ற நாட்களில் ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் பழுதுபார்த்துப் பிழைத்தவர். கைக்குட்டையை மடித்து, கம்பிகளுக்கு அடியில், அவை கிதாரின் உடலில் வந்து தங்கும் பிரிட்ஜை ஒட்டிச் செருகிவிட்டு, இடது கையைத் தொடைமேல் வைக்கச் சொல்லி வலது கையை மட்டும் வீசவைப்பார். "தம்பி, சத்தம் நிக்கலாம், கை நிக்கப்படாது. கை நின்னுச்சுன்னா காலம் போச்சு" என்பார். பாட்டு எப்போது என்று கேட்டால், "அது கெடக்கட்டும்டே" என்று பதில் வரும். அவர் ஃபங்க் இசைத்தட்டு எதையும் கேட்டவரல்லர். பாமாலைகளுக்கும் கீர்த்தனைகளுக்கும் வாசித்து வாசித்தே, பிரசங்கம் நீண்ட பிறகு தூங்கி வழியும் சபையைத் தாளத்துக்குள் கொண்டுவருவது வலது கையின் பொறுப்பு என்று கண்டுகொண்டவர். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவைக் கேட்டபோது, அண்ணாச்சி கைக்குட்டையை வைத்துச் சொல்லிக்கொடுத்ததையே அங்கே ஒருவர் வேறு உயரத்தில் செய்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

அந்த ஒருவர் ஜிம்மி நோலன். 1934ஆம் ஆண்டு ஓக்லஹோமாவில் பிறந்து, ஜானி ஓட்டிஸின் குழுவில் வாசித்துவிட்டு, 1965ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிரவுனிடம் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் வட கரோலைனாவின் ஷார்லட் நகரில் 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பதிவாயிற்று. பதிவான நாடாவைச் சற்று வேகம் கூட்டித்தான் இசைத்தட்டாக வெளியிட்டார்கள் என்பதால், பாட்டின் சுருதியும் துடிப்பும் நேரில் வாசித்ததைவிட ஒரு படி மேலே நிற்கின்றன. அதன் உருவம், கார்டுகள் வரிசையாக மாறி வரும் பழைய பன்னிரண்டு சுற்று புளூஸ் உருவம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் குழு முழுவதும் நின்றுவிட, நோலனின் கிதார் மட்டும் ஒற்றைக் கார்டைப் பொடிப்பொடியாக வீசி இடைவெளியை நிரப்பும் அந்தச் சில நொடிகளில் இசையின் திசையே மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 'சிக்கன் ஸ்க்ராட்ச்' என்று பிற்பாடு பெயர் பெற்ற முறை இதுவே: பிரிட்ஜுக்கு அருகில் வலது கையின் விரைந்த வீச்சு, இடது கையின் நொடி நேர அழுத்தம், உடனே தளர்வு. கிதார் உள்ளிட்ட எல்லாக் கருவிகளையும் டிரம் போலவே தாம் கேட்டதாக ஜேம்ஸ் பிரவுன் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மேடையில் பிசகிய கலைஞர்களுக்கு அவர் அபராதம் விதித்ததும் பலர் அறிந்த செய்தி. அப்படிப்பட்ட ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் நின்று வாசித்த வலது கை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1967ஆம் ஆண்டு வந்த 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் புளூஸ் உருவமும் கழன்றுவிட்டது. கார்டுகள் மாறிக்கொண்டே போவதால் பாட்டு நகர்கிறது என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றபடி தாளப் பின்னலால் மட்டுமே பாட்டை நகர்த்தும் துணிவு அதில் இருக்கிறது. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் அப்போது நோலனோடு அல்ஃபான்சோ கெல்லம் என்ற மற்றொரு கிதார்க்காரரும் இருந்தார். இரண்டு கிதார்கள் இருந்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. ஒருவர் ஒற்றைக் கம்பியில் சிறு சொற்கட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்தால் மற்றவர் கார்டை வெட்டுகிறார், ஒருவர் விழும் இடத்தில் மற்றவர் விலகுகிறார். எல்லாரும் கூடி விழ வேண்டிய இடம் சுற்றின் முதல் அடி ஒன்றுதான். அதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டால், மீதி மூன்று அடிகளில் அவரவர் வழியில் அலைந்து வரலாம்.

இதை முதன்முறை கேட்கும் அமெரிக்கர் ஒருவருக்கு எப்படி இருந்திருக்குமோ தெரியாது. தாமிரபரணிக் கரை ஊர்களில் சுடலைமாடன் கோவில் கொடையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது அத்தனை அந்நியமாக இருக்காது. கொடையில் நடக்கும் கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோல் கருவி இரண்டு. ஒன்று உச்சம், மற்றது மந்தம். கூத்து தொடங்குவதற்கு முன் மகுடக்காரர்கள் ஓலையைக் கொளுத்தித் தோலைத் தீயில் காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி முறுக்கேற்றுவார்கள். கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை எடுத்ததும் மந்தம் காலத்தைப் பிடித்து நிற்க, அது விட்ட இடங்களில் உச்சம் நுழைந்து பேசும். அருகே நின்று பார்த்தால் ஒவ்வொருவர் கையும் செய்வது சிறிய வேலையாகத்தான் தெரியும். பத்தடி தள்ளிப் போனால் இரண்டும் சேர்ந்து, இருவரில் யாருமே தனியாக வாசிக்காத மூன்றாவது தாளம் ஒன்று கேட்கும். சாமியாடுபவரை எழுப்புவது அந்த மூன்றாவது தாளம்தான். நோலனையும் கெல்லத்தையும் கேட்கும்போது நான் தேடுவதும் அதையே. எந்தக் கிதார் எதை வாசிக்கிறது என்று பிரித்துக் கேட்பது ஒரு சுகம். பிரித்து முடித்த பிறகு சேர்த்துக் கேட்பது அதைவிடப் பெரிய சுகம்.

டிஸ்கோவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபங்க் இசையை மதிப்பவர்களில் பலரே டிஸ்கோ என்றதும் முகம் சுளிக்கிறார்கள். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் நான்கு அடியிலும் 'தம் தம் தம் தம்' என்று விழுந்துகொண்டிருப்பது இயந்திரத்தனம் என்பது அவர்கள் கட்சி. ஃபிலடெல்ஃபியாவின் டிரம்ஸ் கலைஞர் ஏர்ல் யங், 1973ஆம் ஆண்டு ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி புளூ நோட்ஸ் குழுவின் 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டில் நான்கு அடியிலும் கிக்கை வைத்து, ஜோடித் தட்டுகளான ஹை-ஹாட்டைத் திறந்து மூடி வாசித்த முறைதான் பின்னர் டிஸ்கோ முழுவதற்கும் அடித்தளமாயிற்று. இந்த நான்கு அடிதான் ரிதம் கிதாருக்கு விடுதலை கொடுத்தது என்பது என் முடிவு. ஃபங்க் இசையில் கிக் டிரம்மே சிதறி விழுகிறது. அதனால் கிதார்க்காரர் ஒரு கண்ணை எப்போதும் காலத்தின் மேல் வைத்திருக்க வேண்டும், தம் வெட்டு ஒன்று இடம் தவறினால் கட்டடம் முழுவதும் சாயும். டிஸ்கோவில் அடி எங்கே இருக்கிறது என்பதை யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை, கிக் சொல்லிவிடுகிறது. காலத்தைக் காக்கும் வேலையிலிருந்து கழன்ற கிதார், 'க'விலும் 'மி'யிலும் இஷ்டம்போல் சாய்ந்து, அடிக்கு முன்னால் ஒரு துளி, பின்னால் ஒரு துளி என்று விளையாடலாம். தரை அசையாமல் இருந்தால்தானே அதன்மேல் துள்ள முடியும்?

அந்தச் சுதந்திரத்தை முழுவதும் பயன்படுத்திக்கொண்டவர் நைல் ராட்ஜர்ஸ். 1952ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். ஜாஸ் கிதார் முறையாகப் படித்தவர். அப்பல்லோ அரங்கின் நிலையக் குழுவில் வாசித்தவர். தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பேஸ் கிதாரை வாசித்த பெர்னார்ட் எட்வர்ட்ஸின் தூண்டுதலால் தம் ஜாஸ் கிதாரைக் கைவிட்டு, மயாமி பீச்சில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற வகை எலெக்ட்ரிக் கிதாரை மாற்றி வாங்கிக்கொண்டார். வெட்டி வாசிக்கும் முறையையும் எட்வர்ட்ஸே அவருக்குக் காட்டிக்கொடுத்தார். இந்த இருவரும் டிரம்ஸ் கலைஞர் டோனி தாம்ப்சனும் சேர்ந்த ஷீக் குழுவின் முதல் தொகுப்பு 1977ஆம் ஆண்டு வந்தது. 'லெ ஃப்ரீக்' 1978இல், 'குட் டைம்ஸ்' 1979இல். அந்தக் கிதாரைப் பெரும்பாலும் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வழியாக அல்லாமல் நேரடியாக ஒலிக்கலவை மேசையில் செருகியே பதிவு செய்தார்கள் என்பதால், கார்டின் ஒலியோடு பிக் கம்பியில் படும் உரசலும் அப்படியே காதில் விழுகிறது. திரிபு, எதிரொலி என்று எந்தப் போர்வையும் இல்லை. நன்றாக வாசித்தால் நன்றாகக் கேட்கும். பிசகினால் பிசகு கேட்கும்.

'குட் டைம்ஸ்' பாட்டை ஹெட்ஃபோனில் ஒரு முறை கிதாருக்காக மட்டும் கேட்டுப் பாருங்கள். எட்வர்ட்ஸின் பேஸ் ஒரே ஸ்வரத்தை மூன்று முறை அழுத்தமாக வைத்துவிட்டு ஒதுங்குகிறது, பிறகுதான் மேலேறி நடக்கத் தொடங்குகிறது. பேஸ் அந்த மூன்றை வைக்கும்போது ராட்ஜர்ஸ் அதன் இடையிடையே பொடியாக வெட்டுகிறார். பேஸ் நடக்கத் தொடங்கியதும், கிதாரின் ஒலி கூடாமலும் குறையாமலும், வெட்டுகள் விழும் எழுத்துகள் மட்டும் இடம் மாறுகின்றன. பாட்டு முழுவதற்கும் அடிப்படை இரண்டே கார்டுகள்தாம். அந்த இரண்டையும் அவர் ஒரே பிடியில் வாசிப்பதில்லை. மெல்லிய மூன்று நான்கு கம்பிகளில் மட்டும் கார்டின் துண்டுகளை எடுத்து, இந்த முறை ஒரு பிடி, அடுத்த முறை அதே கார்டின் வேறொரு பிடி என்று மாற்றிக்கொண்டே போகிறார். கனத்த கம்பிகளைத் தொடாததால் பேஸின் வீட்டுக்குள் அவர் காலடி படுவதில்லை. ஜாஸ் படித்த அறிவெல்லாம் இந்தத் துண்டுகளில் அடங்கியிருக்கிறது. கேட்பவருக்கு அறிவு தெரிவதில்லை, கால் ஆடுவது மட்டும் தெரிகிறது. தொகுப்பில் உள்ள நீண்ட வடிவத்தில், பாட்டின் நடுவே எல்லாம் கழன்று பேஸும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும் பகுதி வரும். கருவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்போது, கிதார் இல்லாத இடத்துக்கும் கிதார் வந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விளக்கமும் இல்லாமல் காது கண்டுகொள்ளும்.

அந்தப் பாட்டின் பேஸ் வரியை வைத்துத்தான் 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாட்டு எழுந்தது என்பது பலரும் சொல்லும் வரலாறு. அதே ஆண்டு ஜூலை 12ஆம் தேதி சிகாகோவின் கமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பதும் வரலாறுதான். டிஸ்கோ என்ற பெயருக்கு மதிப்புப் போயிற்று. ராட்ஜர்ஸின் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. டயானா ராஸின் 1980ஆம் ஆண்டுத் தொகுப்பை அவரும் எட்வர்ட்ஸும் உருவாக்கினார்கள். 1983இல் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' தொகுப்பை ராட்ஜர்ஸ் போவியோடு சேர்ந்து தயாரித்தார். அதில் லீட் கிதார் வாசித்தவர் அப்போது பெரிதாக அறியப்படாத ஸ்டீவி ரே வான். கிதார் பிரியர்கள் கூடும் இடத்தில் அந்தத் தொகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் வானைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் மகா கலைஞர், மறுப்பில்லை. அவர் வந்து போகும் நேரம் சொற்பம். மீதி நேரமெல்லாம் வீட்டைத் தாங்கியவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினால் என்ன?

எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் அல் மெக்கே இன்னொருவர். அந்தக் குழுவில் லீட் வாசிக்க ஜானி கிரஹாம் இருந்ததால், மெக்கே எந்த உறுத்தலும் இல்லாமல் ரிதத்திலேயே இருந்தார். 1978ஆம் ஆண்டின் 'செப்டம்பர்' பாட்டைத் தொடங்கிவைப்பது அவர் கிதார்தான். பாட்டை இயற்றியவர்களிலும் அவர் ஒருவர். ராட்ஜர்ஸின் வெட்டில் ஒரு கூர்மை இருக்கிறது என்றால் மெக்கேயின் வெட்டில் உருண்டை இருக்கிறது. அவர் கார்டைச் சற்றுத் தாமதித்தே அறுக்கிறார். நியூ ஆர்லியன்ஸின் தி மீட்டர்ஸ் குழுவில் லியோ நோசென்டெல்லி இருவருக்கும் எதிர்ப்பக்கம் நிற்பவர்: 1969ஆம் ஆண்டின் 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' பாட்டில் வாசித்த இடங்களுக்கு நிகராக வாசிக்காமல் விட்ட இடங்களும் கனக்கின்றன. 1971இல் 'ஷாஃப்ட்' படத்தின் முகப்பு இசையில் சார்ல்ஸ் பிட்ஸ் ஒலியை 'வா வா' என்று நெளியவைக்கும் வா-வா பெடலைக் காலால் ஆட்டிக்கொண்டே கம்பிகளை உரசிய ஒலி, எழுபதுகளின் பிற்பகுதி இந்தியப் படங்களின் துரத்தல் காட்சிகளுக்குப் பழகிய காதுகளுக்குப் புதிதாக இருக்காது.

இவர்களின் பெயர்களையெல்லாம் நாம் தேடிப் பிடித்துத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்தில் ராபர்ட் வைட், எடி வில்லிஸ், ஜோ மெசினா ஆகிய மூன்று கிதார்க்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் வேலையை மற்றவர் தொடாமல் வாசித்துக் குவித்தார்கள். 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவரும் வரை அந்நிறுவனத்தின் தொகுப்புகளில் இசைக்கலைஞர்களின் பெயர்கள் அச்சாகவில்லை. நம் பக்கத்திலும் கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்று மூன்று பெயர்களுக்கு இடம் இருந்தது. கிதார் வாசித்தவருக்கு இருந்ததில்லை. 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் பிறருடைய ஒலிப்பதிவுகளில் கிதார் வாசித்தவர்களில் இளையராஜாவும் ஒருவர் என்பதை நினைத்தால், அந்த இருக்கையில் உட்கார்ந்து பெயரில்லாமல் போனவர்கள் எப்படிப்பட்ட ஞானத்தோடு இருந்திருப்பார்கள் என்ற ஏக்கம் வராமல் இருக்காது.

கொடைக்கு வரும் ஆர்க்கெஸ்ட்ராக்களில் முன்பெல்லாம் ரிதம் கிதாருக்கென்று ஓர் ஆள் நிற்பார். எண்பதுகளின் டிஸ்கோ பாணிப் பாட்டு ஒன்றைப் பாடகர் எடுத்ததும், அதுவரை பேசாமல் நின்றவர் தம் கிதாரின் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வெட்டத் தொடங்குவார்; பந்தலுக்கு வெளியே சுக்குக்காப்பிக் கடையில் நிற்பவர்கள் கூடத் தலையை ஆட்டுவார்கள். கீபோர்டில் ஆயத்த ரிதங்களும், பக்கத்தில் ரிதம் பேடும் வந்த பிறகு முதலில் காணாமற்போனவர் அவர்தான். குழு நடத்துபவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வேனில் ஓர் இருக்கையும், ஒரு சம்பளமும் மிச்சம். 2013இல் டாஃப்ட் பங்க் குழுவோடு ராட்ஜர்ஸ் வாசித்த 'கெட் லக்கி' உலகெங்கும் ஒலித்தபோது, அதைக் கேட்டுக் கிதார் எடுத்த இளைஞர்கள் இங்கேயும் இருந்தார்கள். அவர்களில் சிலர் இரண்டு சுற்று வாசித்துப் பதிந்துகொண்டு, கணினியில் அதையே பாட்டு முழுவதற்கும் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டினால் என்ன குறைகிறது என்று கேட்டால், 1970ஆம் ஆண்டின் 'செக்ஸ் மெஷின்' பாட்டில் கேட்ஃபிஷ் காலின்ஸ் வாசிப்பதைக் கேட்கச் சொல்வேன். ஜேம்ஸ் பிரவுனின் பழைய குழு பிரிந்து போன கையோடு, சின்சினாட்டியிலிருந்து தம்பி பூட்ஸியோடு வந்து சேர்ந்த இளைஞர் அவர். ஒரே சொற்கட்டைத்தான் ஏறத்தாழ முழுப் பாட்டுக்கும் வாசிக்கிறார். ஆனால் பாடுபவரின் கூச்சலுக்கு ஏற்ப ஒரு வெட்டு சற்றே கனக்கிறது, மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொன்று மெலிகிறது, உரசல்கள் கூடிக் குறைகின்றன. ஒட்டிய பதிவு பாடுபவரைக் கேட்பதில்லை, காலின்ஸ் கேட்கிறார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் தம்பிமார்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் மெக்கே, ஏனென்றால் அவர் தாமதித்து அறுப்பதால் இடது கை என்ன செய்கிறது என்பது காதுக்குப் பிடிபடும். பிறகு நோலன், பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, வாயால் 'தகதிமி' சொல்லிக்கொண்டு, எந்த எழுத்தில் கார்டு ஒலிக்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டால் நல்லது. அதன் பிறகு ராட்ஜர்ஸ். நிமிடத்துக்கு 110 அடிகளில் வாசிப்பதைவிட 80இல் வாசிப்பது கடினம் என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் மெதுவான வேகத்தில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடம் அகன்றுவிடுவதால் கையின் தள்ளாட்டம் அப்பட்டமாகத் தெரியும். பிரின்ஸ் 1986இல் வெளியிட்ட 'கிஸ்' பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் பேஸ் கிதாரே கிடையாது, டிரம்ஸ் ஒலியும் எலும்பும் தோலுமாகத்தான் இருக்கிறது, எனவே கிதாரின் ஒரு வெட்டு பிசகினாலும் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.